கொடிவழியும் பதிவேடும்: தென்னார்க்காட்டில் 19ஆம் நூற்றாண்டு வேளாண் குடும்பங்களைத் தேடுதல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக வேளாண் குடும்பங்களின் கொடிவழியை 19ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளின் துணையுடன் மீட்டெடுக்கும் முயற்சிகள் பெருகிவருகின்றன. அப்பதிவேடுகள் எவையும் குடும்பத்தைப் பதிவதற்காக எழுதப்பட்டவை அல்ல. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைத் தொடக்கமாகக் கொண்டு நிலவரிப் பதிவேடு, வடலூர் நிலக்கொடை ஆவணம் (1867), நேட்டால் கப்பல் பட்டியல் ஆகிய மூவகைச் சான்றுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. வரி செலுத்தியவர், நிலம் கொடுத்தவர், ஊரைவிட்டு வெளியேறியவர் ஆகியோரின் பெயர்களே இவற்றில் எஞ்சியுள்ளன என்பதும், ஊரிலேயே தங்கி உழைத்த நிலமற்றோர் மூன்றிலும் விடுபடுகின்றனர் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: கொடிவழி, பட்டா, வகையறா, திருவந்திபுரம், வடலூர், நேட்டால், ஒப்பந்தத் தொழிலாளர்.

முன்னுரை

கெடிலக் கரையில் அமைந்த திருவந்திபுரம் எழுத்துச் சான்றுகளுக்குக் குறைவில்லாத ஊர். திருமங்கையாழ்வார் பாடிய தலம் அது. மூன்றாம் இராசராசனைக் கோப்பெருஞ்சிங்கன் சிறைவைத்ததையும், போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனின் தண்டநாயகர்கள் அவனை மீட்டதையும் கூறும் புகழ்பெற்ற கல்வெட்டு இவ்வூர்க் கோயிலில்தான் உள்ளது. வேதாந்த தேசிகர் இங்குப் பல்லாண்டுகள் வாழ்ந்தார் என்பது வைணவ மரபு. அவருக்கு முன்னும் பின்னும் வந்த ஆசிரியர்களின் வரிசையைக் குருபரம்பரை நூல்கள் தலைமுறை விடாமல் காத்துவருகின்றன.

அதே ஊரின் வயல்களில் 19ஆம் நூற்றாண்டில் ஏர் பூட்டிய ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைகளை வரிசைப்படுத்த முனைபவருக்கு இந்தச் செழுமை பயன்படுவதில்லை. அரித்துவாரத்துப் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகள் போன்ற தொடர் பதிவு இப்பகுதி உழவர்களுக்கு அமையவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1899இல்தான் வந்தது. 1871இல் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோதிலும், தனி வீடுகளின் படிவங்கள் காக்கப்படவில்லை, தொகைகளே அச்சேறின. கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞானமுழுக்குப் பதிவேடுகள் உள்ளன. ஏனையோர் வேறு நோக்கில் எழுதப்பட்ட ஆவணங்களையே நாட வேண்டும். அந்நோக்கங்களை ஆராயாமல் பெயர்களை மட்டும் பொறுக்கி இணைக்கும் போக்கு இன்று பரவலாக உள்ளது. எனவே பதிவேட்டைத் திறனாய்வு செய்வது முதற்பணியாகிறது.

1. செலுத்தியவர்: நிலவரிப் பதிவேடு

1801இல் கருநாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அதற்கு முன் இப்பகுதி ஊர்கள் பலவற்றில் நிலம் மிராசு உரிமையாகவும் பங்குகளாகவும் இருந்தது. உழுதவர்களோ உள்குடி, புறக்குடி என்னும் நிலைகளில் இருந்தனர். மிராசு உரிமை என்பது யாது என்று எல்லிசு போன்ற அலுவலர்கள் விரிவாக எழுதும் அளவுக்கு இது சிக்கலான அமைப்பாக இருந்தது. பின்னர் நிலைபெற்ற இரயத்துவாரி முறை இச்சிக்கலை ஒரே கேள்வியாகச் சுருக்கியது: இப்புல எண்ணுக்கு வரி கட்டுபவர் யார்? பட்டாவில் உள்ள பெயர் அக்கேள்விக்கான விடை மட்டுமே.

இதனால் கொடிவழி ஆய்வில் மூன்று பிழைகள் நேர்கின்றன. முதலாவது, பட்டாதாரர் பெயரை அக்காலத்தில் உயிருடன் இருந்தவரின் பெயராகக் கொள்வது. தந்தை இறந்து பல்லாண்டுகள் கழிந்தும் பட்டா அவர் பெயரிலேயே தொடர்வது இன்றும் கிராமங்களில் இயல்பான நடைமுறை. பாகப் பிரிவினை, விற்பனை, அடமானம் ஆகியவற்றில் ஒன்று நேரும்போதுதான் பெயர் மாற்றம் தேவையாகிறது. ஆகவே ஒரே பெயர் நாற்பதாண்டு நீடித்தால் அது நீண்ட ஆயுளுக்குச் சான்றாகாது. குடும்பத்தில் பங்கு பிரியவில்லை என்பதற்கு வேண்டுமானால் குறிப்பாகலாம்.

இரண்டாவது, ‘வகையறா’ என்னும் சொல்லைக் கடந்து செல்வது. கூட்டுப் பட்டாவில் ஒருவர் பெயரை எழுதி ‘வகையறா’ என முடிக்கும் வழக்கத்தில் தம்பியரும் தம்பி மக்களும் விதவைப் பங்காளிகளும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். கணக்கருக்கு அது எழுத்துச் சிக்கனம். கொடிவழி தேடுபவருக்கோ ஒரு கிளை முழுவதும் மறையும் இடம். மூன்றாவது, பேரனைப் பாட்டனாகக் கொள்வது. ‘பெயரன்’ என்னும் சொல்லே உணர்த்துவது போல, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கால் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் அதே பெயர் மீள்கிறது. தந்தை பெயரும் உடன் எழுதப்பட்டிருந்தால்கூட, ‘முத்து மகன் இராமசாமி’ என்பவர் பாட்டனா பேரனின் பேரனா என்பதைப் புல எண்ணும் ஆண்டும் சேர்ந்தே உறுதி செய்ய வேண்டும். மறு அளவையில் புல எண்களும் மாறுவதால், பழைய எண்ணுக்குரிய புதிய எண்ணை அறிந்த பின்னரே இரு பதிவேடுகளை ஒப்பிட முடியும்.

இப்பதிவேடுகளை எழுதிய கணக்குப்பிள்ளைக்கு ஊரின் உறவுமுறைகள் முழுவதும் தெரியும். அவர் அறிந்ததில் வரிக்கு வேண்டியது மட்டும் ஏட்டில் ஏறியது. எஞ்சியது அவர் நினைவில் நின்றது. பரம்பரையாக வந்த அப்பதவி 1980இல் தமிழகத்தில் ஒழிக்கப்பட்டது. அதனால் விளைந்த நன்மைகள் பல; ஆயினும் ஏட்டையும் நினைவையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவர் வரிசை அத்துடன் அறுந்தது.

2. கொடுத்தவர்: வடலூர் நிலக்கொடை

வரிப் பதிவேட்டுக்கு வெளியே உழவர் பெயர்கள் கூட்டமாகக் காணக்கிடைக்கும் அரிய சான்று ஒன்று இம்மாவட்டத்திலேயே உண்டு. சத்திய தருமச்சாலை நிறுவ இடம் வேண்டியபோது, வடலூரைச் சேர்ந்த பார்வதிபுரத்து மக்கள் 40 பேர் 80 காணி, அதாவது ஏறத்தாழ 106 ஏக்கர் நிலத்தை இராமலிங்க அடிகளின் பணிக்கு இனாமாக எழுதிக்கொடுத்தனர். அவ்வாண்டு 1867, தருமச்சாலை மே 23இல் தொடங்கப்பெற்றது. இராமலிங்கரின் தந்தை இராமையா மருதூரில் கிராமக் கணக்கராக இருந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. கணக்கரின் மகன் தொடங்கிய அறப்பணி, உழவர் நாற்பதின்மரின் பெயர்களை வரியின் சார்பின்றி ஒரே ஏட்டில் நிறுத்தியது.

கொடிவழி நோக்கில் இவ்வாவணம் ஒரு முரணைக் கொண்டுள்ளது. நிலத்தைக் கொடுத்ததால் அப்பெயர்கள் ஆவணத்தில் நின்றன. கொடுத்துவிட்டதால் அப்புல எண்களின் பிற்காலப் பதிவுகளில் அக்குடும்பங்களுக்கு இடமில்லை. பட்டாவை மட்டும் பின்பற்றிச் செல்பவர் இந்நிலத்தில் உழவர் எவரையும் காணமாட்டார். கொடை ஆவணத்தை மட்டும் படிப்பவர் அதற்கு முன்னும் பின்னும் அக்குடும்பங்கள் எங்கிருந்தன என்பதை அறியமாட்டார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் தொடர்ச்சி புலப்படும்.

இது ஆவணக் காப்பகத்துக்குள் அடங்கும் வினா அன்று. வடலூர்ப் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டும் பணி 2024இல் தொடங்கியபோது, தம் முன்னோர் கொடுத்த நிலம் இது என்று கூறிப் பார்வதிபுரத்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிலம் எந்த நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்நோக்கத்தைப் பற்றிப் பேசும் தகுதி கொடுத்தவரின் வழியினருக்கு உண்டா என்னும் வினா இதனால் எழுந்தது. சட்டம் அதற்கு எவ்விடை கூறினும், அவ்வுரிமைக் கூற்றின் அடித்தளம் ஒரு கொடிவழிக் கூற்றே. ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய பெயர்ப்பட்டியலுக்கும் இன்றைய மக்களுக்கும் இடையிலுள்ள தலைமுறைகளை நிறுவும் ஆய்வு, ஊர் நினைவுக்கு ஆவண வலிமை தரக்கூடும். அவ்வாறு நிறுவும்போது, கொடை எழுதிய நாற்பதின்மரையே அன்றைய ஊர் முழுமையாகக் கொள்ளலாகாது. அந்நிலங்களில் கூலிக்கு உழைத்தவர்களும் ஊராரே. கொடுப்பதற்கு அவர்கள் பெயரில் நிலம் இருக்கவில்லை.

3. வெளியேறியவர்: கப்பல் பட்டியல்

நிலமற்ற உழைப்பாளியின் பெயர் எங்கே எழுதப்பட்டது? நிலத்தோடு சேர்த்து அடிமைகளை விற்பதும் அடகு வைப்பதும் நிகழ்ந்த காலத்தில், அத்தகைய ஆவணங்களில் அவர்கள் சொத்தாகக் குறிக்கப்பட்டனர். 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. படியாளாக அதே வயலில் தொடர்ந்தவருக்கு அதன்பின் அந்த இழிவான குறிப்புக்கும் இடமில்லாது போயிற்று. பட்டாவிலோ அவருக்கு முன்பும் இடமில்லை, பின்பும் இல்லை.

அவர் கடல் கடந்தபோது நிலைமை தலைகீழானது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை 1,52,184 இந்தியர் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். ஒவ்வொருவருக்கும் தனி எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் என அவர்களின் விவரங்கள் பட்டியலில் ஏறின. மொரீசியசில் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனம் காக்கும் குடியேற்ற ஆவணங்களும் இத்தகையனவே. பட்டாவில் ‘வகையறா’வுக்குள்ளும் இடம்பெறாத பெண், இங்குத் தன் பெயரோடும் தன் தந்தை பெயரோடும் தனி எண்ணோடும் நிற்கிறாள். தொழிலாளியை அடையாளம் கண்டு கட்டுப்படுத்தவே இப்பட்டியல்கள் எழுதப்பட்டன. இன்று அவர்தம் கொள்ளுப்பேரர்களுக்கு ஊரின் பெயரைக் கூறும் சான்றுகள் அவையே.

இச்சான்றின் நலிவு ஊர்ப்பெயரில் உள்ளது. தொழிலாளி சொன்னதை எழுத்தர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். திருவந்திபுரத்தையே எடுத்துக்கொண்டால், இலக்கிய வழக்கில் அது திருவயிந்திரபுரம். வடமொழிச் சார்பில் திருவகீந்திரபுரம். ஆங்கில ஆவணங்களில் திருவெந்திபுரம், திரிவெந்திபுரம். அதே கெடிலக் கரையில் பண்ணுருட்டியை ஒட்டிய திருவதிகை ஆங்கிலத்தில் ‘திருவடி’ எனப்பட்டது. தஞ்சைப் பகுதியின் திருவையாறும் அப்பெயராலேயே வழங்கப்பட்டது. சிதைந்த எழுத்தில் ‘திருவ’ என்று தொடங்கும் ஊர்ப்பெயரைக் கண்டவுடன் கோயிற் புகழால் பெயர்பெற்ற ஊரைத் தெரிவு செய்வது தேடுவோரின் இயல்பான விருப்பம். மாவட்டமும் வட்டமும் அதனை ஒத்துவராதபோது அவ்விருப்பம் கைவிடப்பட வேண்டும். சாதிப் பத்திக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். துறைமுகத்தில் சொல்லப்பட்டதும் எழுதப்பட்டதும் ஊரில் வழங்கியதும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

4. இணைப்பின் அளவுகோல்

மூவகைச் சான்றுகளையும் இணைத்து நோக்கினால், பெயர் ஒற்றுமை மட்டும் எவ்விணைப்புக்கும் போதாது என்பது தெளிவாகும். பெயர், தந்தை பெயர், ஊர், வட்டம், காலம் ஆகியவை பொருந்துவதோடு, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரு சான்றுகள் அதனைக் கூற வேண்டும். ஒரு பதிவேட்டில் பெயர் இல்லாமையை அக்குடும்பம் அவ்வூரில் இல்லாமைக்குச் சான்றாகக் கொள்வது இவ்வாய்வின் மிகப் பெரிய பிழையாகும். நிலமுள்ள குடும்பங்களே ஊரின் ‘பூர்வீகக் குடிகள்’ என்னும் கருத்து இப்பிழையின் மேல் எழுந்தது. பதிவேடு வரிக்காக எழுதப்பட்டது என்பதை மறந்தவர்கள், அதை ஊரின் வரலாறாகப் படித்துவிடுகின்றனர்.

குடும்ப நினைவு, குலதெய்வ வழிபாட்டில் பங்காளிகளை அழைக்கும் முறை, கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்கள் ஆகியவை ஆவணத்துக்கு மாற்றாகா. ஆயினும் எந்த ஆவணத்தை எந்த ஊரில் தேட வேண்டும் என்பதை அவை சுட்டும். குறிப்பாக, பெண் வழித் தொடர்பை நிலப்பதிவேடு மறைக்கும் இடங்களில் குலதெய்வமும் தாய்மாமன் சீரும் தடம் காட்டுகின்றன.

முடிவுரை

19ஆம் நூற்றாண்டுத் தென்னார்க்காட்டு உழவரின் பெயர் அரசுக்கோ அறத்துக்கோ முதலாளிக்கோ தேவைப்பட்ட தருணத்தில் மட்டுமே எழுதப்பட்டது. செலுத்தியவரைப் பட்டாவும், கொடுத்தவரை இனாம் ஆவணமும், வெளியேறியவரைக் கப்பல் பட்டியலும் காத்தன. நிலமின்றி, ஊரை நீங்காமல், தலைமுறை தலைமுறையாக அதே வயலில் நட்டு அறுத்தவர்கள் இம்மூன்றிலும் இல்லை. கடல் கடந்த தமையனின் பெயரும் அவர்தம் தந்தையின் பெயரும் தர்பனில் கிடைக்க, ஊரில் நின்ற தம்பியின் பெயர் எங்கும் கிடைக்காமற் போகலாம். அத்தகைய நிலையில் தமையனின் பதிவே தம்பியின் கொடிவழிக்கும் முதற்சான்றாகும். ஆகவே அயலகத் தமிழர் தம் வேரைத் தேடி இங்கு வருவதோடு, இவ்வூர்களின் நிலமற்ற குடும்பங்கள் தம் முன்னோரைத் தேடி அப்பட்டியல்களுக்குச் செல்வதும் தேவை. கொடிவழி ஆய்வை நிலமுடையோரின் பெருமைக் கணக்காகச் சுருங்கவிடாமல் காப்பதற்கு அதுவே வழி.