தோழியை வளர்த்தவர் யார்?

அகப்பொருட் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நற்றாயையும் செவிலியையும் தாயன்பின் இரு வடிவங்களாக மாணவர்க்கு எடுத்துரைப்பது வழக்கம். ஈன்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி. மகள் தலைவனோடு போய்விட்டாள் என்றறிந்ததும் பாலை வழியில் தேடிச் செல்பவள் செவிலி. குறுந்தொகை 167ஆம் பாட்டில் மகளின் புதுமனைக்குச் சென்று, அவள் சமைத்த திறத்தைக் கண்டு வந்து நற்றாயிடம் மகிழ்ந்து கூறுபவளும் அவளே. இவை போற்றத்தக்க ஓவியங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இப்போற்றுதலில் ஒன்று விடுபட்டுப் போகிறது. செவிலி செய்வது வேலை என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நற்றிணை 110ஆம் பாட்டை நோக்குக. பொற்கலத்தில் பாலேந்தி, கையில் சிறுகோலோடு, உண்ண மறுத்து ஓடும் சிறுமியின் பின்னே நரைத்த கூந்தலையுடைய செவிலியர் ஓடுகின்றனர். ஓடமாட்டாமல் தளர்ந்து நின்றுவிடுகின்றனர். வகுப்பறையில் இப்பாட்டை விளக்குவோர் சிறுமியின் செல்வ வளர்ப்பைப் பேசுவர். அவளே பின்னாளில் வறிய கணவன் வீட்டில் ஒழுகும் மாண்பைப் பேசுவர். இளைத்து நின்ற முதியவர்களின் கால்வலியைப் பேசுவார் அரியர். போதனார் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததனால்தான் நரையையும் தளர்ச்சியையும் பாட்டில் வைத்தார்.

இனித் தொல்காப்பியத்துக்கு வரலாம். தோழி என்பவள் செவிலியின் மகள் என்று களவியல் கூறுகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் இச்செய்தியை ஓரடி நீட்டிப் பார்த்தல் வேண்டும். தோழி தலைவியோடு ஒத்த பருவத்தினள். அங்ஙனமாயின், செவிலி பிறர் மகளுக்குப் பாலூட்ட ஓடிய அதே ஆண்டுகளில் அவளுடைய சொந்த மகளும் பால் வேண்டி அழும் பருவத்தினளே. அவளுக்கு ஊட்டியவர் யார்? செவிலி தன் மகளுக்காக வாய்திறக்கும் பாட்டைச் சங்கத் தொகைகளுள் காண்பது அரிது. பணிக்குச் செல்லும் தாயின் பழைய சித்திரத்தைத் தமிழில் தேடுவோர் இவளைத்தான் முதலிற் சுட்ட வேண்டும். தன் குழந்தையைப் பணியிடத்துக்கே கொண்டுவந்தாள். அக்குழந்தையும் வளர்ந்து அம்மனையிலேயே தோழி என்னும் பணியை ஏற்றது.

ஏட்டில் மறைந்து கிடந்த இவ்வினா, தமிழ்ப் பெண்கள் கடல் கடந்து தோட்டக்காடுகளுக்குச் சென்றபோது வெளிப்பட எழுந்தது. மலேசியாவில், பகாங் மாநிலத்துக் கேமரன் மலை அதற்கு நல்ல சான்று. 1929இல் போ தோட்டம் தொடங்கப்பெற்ற பின் அங்குத் தேயிலை பரவியது. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் மலைப்பாதையில் இருப்பது திரிங்காப். அதனைச் சூழ்ந்த மலைப்பகுதியில் சுங்கை பாலாஸ், புளூவேலி ஆகிய தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. காய்கறித் தோட்டங்களும் உண்டு.

தேயிலைத் தோட்டத்தில் நற்றாய் கொழுந்து பறிப்பவள். செவிலியின் இடத்தில் இருந்தவள் ஆயா. பொழுது புலருமுன் எழுந்து உலைவைத்து, பெரட்டுக்கு முன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு மலையேற வேண்டும். கூலி கொழுந்தின் நிறையைப் பொறுத்தது. கொட்டகையோ லயத்தை ஒட்டிக் கீழே இருக்கும்; பறிக்கும் நிரை மேலே. மார்பில் பால் கட்டி வலிக்கும்போது கீழிறங்கிப் பாலூட்டி மீண்டும் ஏறினால் கூடையில் சில இறாத்தல் குறையும். பாலுக்கும் கொழுந்துக்கும் ஒரே தராசு! ஆயாவின் நிலையும் எண்ணத்தக்கது. நிரையில் நிற்க இயலாத முதியவளே பெரும்பாலும் அப்பணிக்கு அமர்த்தப்பட்டாள். போதனாரின் நரைமூதாட்டியர் ஒரு சிறுமியைத் துரத்தி இளைத்தனர். இவள்முன் ஒரு கொட்டகை நிறையக் குழந்தைகள்.

தோட்டத் தமிழரைப் பாடிய இலக்கியம் இதனை எவ்வளவு கண்டது? பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' பிஜித் தீவுப் பெண்களின் துயரை உலகறியச் செய்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியை மறக்கவொண்ணாதபடி ஆக்கியது. இவ்விரண்டிலும் மேலோங்கி நிற்பது பெண்ணின் மானத்துக்கும் உடலுக்கும் நேர்ந்த கொடுமை. அது நேர்மையான சினம். ஆனால் கொடியவன் எவனும் குறுக்கிடாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலும் அத்தாய் இரண்டாகக் கிழிபட்டாள் என்பதைச் சொல்லச் சினம் போதாது, நேரக்கணக்கு வேண்டும். அக்கணக்கை எழுதுவது இலக்கியத்தின் வேலையன்று என்பாரும் உளர். கூழுக்கும் உப்புக்கும் பாட்டில் இடந்தந்த மரபில் அது வலுவற்ற வாதம்.

சட்டம் அக்கணக்கைச் சிறிது எழுதத்தான் செய்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. மலாயாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பு அளித்தது. அது 2023 சனவரி முதல் 98 நாளாயிற்று. தொண்ணூற்றொன்பதாம் நாள் குழந்தை யார் மடியில் என்னும் வினா அப்படியே நிற்கிறது. கொழுந்துத் தாயின் பேத்தி இன்று பள்ளி ஆசிரியையாகவோ விடுதிப் பணியாளராகவோ இருக்கக்கூடும். அவ்வினா அவளையும் விட்டபாடில்லை.

தேயிலை நிரைகளில் இன்று கத்தரியும் பொறியும் கொண்டு கொழுந்து கொய்வோருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாட்டினர் மிகுதி. குடும்பத்தை உடனழைத்து வர அவர்களுக்கு இசைவு இல்லை. ஆயாக் கொட்டகையின் தேவை இவ்வாறு குறைந்தது. குழந்தைக்கும் வேலையிடத்துக்கும் இடையே முன்பு ஒரு சரிவு இருந்தது, இப்போது கடல் இருக்கிறது.

மனைக்குரியவளான பழைய செவிலியைக் கூலிபெறும் ஆயாவோடு ஒப்பிடலாமா எனப் புலவர் சிலர் வினவக்கூடும். உறவு வேறு, ஊதியம் வேறு என்பது மெய்யே. பொழுது மட்டும் இருவர்க்கும் ஒன்று; ஒருத்தியின் மடியில் இருக்கும் நேரம் மற்றொருத்தியின் மகளுக்கு இல்லாத நேரம்.

தாலாட்டுத் தொகுப்புகளைப் பார்க்கும்போதும் இக்கேள்வியோடு பார்ப்பது நன்று. அழும் குழந்தையை அடித்தவர் யாரென்று தாலாட்டு மாமனையும் அத்தையையும் பெயர்சொல்லி வினவும். தோட்டத்துக் குழந்தைக்கு அவ்வுறவினருட் பலர் ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். தொகுத்தோர் சொல்லையும் ஊரையும் பெரும்பாலும் பேணிக் குறித்தனர். பாடியவள் தாயா ஆயாவா, மடியில் கிடந்தது யார் பிள்ளை, பாடிய வேளை பெரட்டுக்கு முன்னா பின்னா என்பவற்றையும் குறித்திருந்தால், அத்தாலாட்டுகளுட் சில வேலைப்பாட்டு என்னும் தலைப்பின்கீழ் இடம் மாறியிருக்கும்.