பெட்டிக்குள் யார்? தொழில்நுட்பச் செய்திகளை நகைத்தோரும் ஐயுற்றோரும்

தமிழாசிரியர்களுக்கான பட்டறைகளில் புதிய கருவியொன்று அறிமுகம் காணும்போது, தொடக்கத்திலேயே ஒரு படவில்லை திரையில் தோன்றுவது வழக்கமாகிவிட்டது. அதில் மூன்று நான்கு பழைய கூற்றுகள் இருக்கும். உலகச் சந்தைக்கு ஐந்து கணினிகளே போதும் என்று 1943இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் கூறினாராம். கண்டுபிடிக்கத்தக்கவை யாவும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன என்று 1899இல் அமெரிக்கக் காப்புரிமை ஆணையர் சார்லஸ் டூவெல் கூறினாராம். வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று 1920இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியதாம். அரங்கு சிரிக்கும். சிரித்து முடித்த பின்னர் வினா எழுப்புவோர் அரியர். எழுப்பினால் தாமும் அப்பட்டியலில் ஒருவராக நேரிடுமோ என்னும் தயக்கம் அவர்களைத் தடுத்துவிடுகிறது.

அண்மையில் நாம் கலந்துகொண்ட பட்டறை ஒன்றில் ஆசிரியை ஒருவர் தயங்காமல் எழுந்தார். மாணவர் கட்டுரைகளுக்குப் புள்ளி வழங்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பற்றிய விளக்கம் அது. "இந்தக் கருவிக்கு எந்தப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளைக் கொடுத்துப் பழக்கினீர்கள்? அவற்றுக்கு முதலில் புள்ளியிட்டவர்கள் யார்?" என்று அவர் கேட்டார். விளக்கமளித்தவர் விடை கூறவில்லை. புன்னகையுடன் முதற் படவில்லைக்கே திரும்பினார். அரங்கு மீண்டும் சிரித்தது. நாமும் சிரித்தோம். அச்சிரிப்பு தகுதியுடையதுதானா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது.

அப்படவில்லையை ஒரு பனுவலாகவே கொண்டு நோக்குவோம். பனுவல் என்றதும் மூலம் யாது என்று கேட்பது நம் துறையின் முதற்கடமை. காளமேகத்தின் பெயரிலும் ஔவையின் பெயரிலும் வழங்கும் தனிப்பாடல்களை நாம் அவ்வாறே அணுகுகிறோம். பாடல் சுவையாக இருப்பதும், அது அப்புலவருக்குப் பொருந்துவதும், அவர் பாடியதற்குச் சான்றாகா. ஆனால் பதிப்பியலில் இத்துணை விழிப்புடைய நாம், திரையில் ஆங்கிலத்தில் ஒரு கூற்றையும் அதன்கீழ் ஓர் ஆண்டையும் கண்டால் அவ்விழிப்பை வாயிலிலேயே விட்டுவிடுகிறோம்.

வாட்சனின் கூற்றுக்கு 1943ஆம் ஆண்டைச் சேர்ந்த எச்சான்றும் கிடைக்கவில்லை. கிடைப்பது வேறொன்று. 1953இல் ஐ.பி.எம். பங்குதாரர் கூட்டத்தில், வாட்சனின் மகனான இளைய வாட்சன் தம் நிறுவனத்தின் 701 என்னும் கணினியைப் பற்றிப் பேசினார். அதன் திட்டத்தை 20 நிறுவனங்களிடம் எடுத்துச் சென்றதாகவும், 5 ஆணைகளே கிட்டும் என எதிர்பார்த்ததாகவும், 18 ஆணைகளுடன் திரும்பியதாகவும் அவர் கூறினார். இக்கணக்கே திரிந்து பழைய கூற்றாயிற்று என்பது ஏற்கத்தக்க விளக்கமாகும். அவ்வாறாயின், எதிர்பார்ப்பை விஞ்சிய ஒரு விற்பனைச் செய்தி, தந்தையின் அறியாமைக்குச் சான்றாக உருமாறியிருக்கிறது.

டூவெலின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர் அவ்வாறு எழுதியதற்கோ பேசியதற்கோ சான்றில்லை என்பதை ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர். 1940இலேயே காப்புரிமை அலுவலகத்தார் இதழில் இக்கதையின் வேர் தேடப்பட்டது. அத்தேடல் 1843இல் ஆணையராயிருந்த ஹென்றி எல்ஸ்வொர்த்தின் அறிக்கையில் சென்று நின்றது. கலைகளின் வளர்ச்சி நம்ப இயலாத அளவினதாக உள்ளது, மனித மேம்பாடு முடிவுறும் காலம் வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது என்னும் கருத்துப்பட அவர் எழுதியிருந்தார். அது வியப்பின் மிகுதியால் எழுந்த உயர்வுநவிற்சி. அணியிலக்கணம் பயின்ற எவரும் அதனை நேர்ப்பொருளில் கொள்ளார். டூவெலுக்கு ஏற்றிக் கூறப்படும் வாசகமோ வேறோரிடத்தில் கிடைக்கிறது. இலண்டனின் பஞ்ச் என்னும் நகைச்சுவை இதழ் 1899ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட ஆண்டு மலரில், வரப்போகும் நூற்றாண்டைக் கேலி செய்யும் ஒரு பகுதி உண்டு. காப்புரிமைகளை ஆராயும் எழுத்தர் இல்லையா என்று அதில் ஒருவர் வினவ, அவர் தேவையே இல்லை, கண்டுபிடிக்க வேண்டியவை யாவும் முடிந்துவிட்டன என்று ஒரு சிறுவன் விடையிறுக்கிறான். ஆக, நகைச்சுவை இதழின் உரையாடல் ஒன்று, பேசிய சிறுவனை இழந்து, ஓர் அரசு அதிகாரியின் வாக்குமூலமாகிவிட்டது. நூறாண்டுக்கு முன்னர் நகைப்புக்கென எழுதப்பட்டதை நாம் மெய்யெனக் கொண்டு நகைக்கிறோம். இதில் பேதைமை யாருடையது?

பேதைமை என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே ஆள்கிறோம். மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுவார். எள்ளலை விளக்குமிடத்துப் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலையும், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலையும் இருவேறாகப் பிரிப்பார். செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை நாளிதழுக்குப் பொருத்தலாமா என்று சிலர் வினவக்கூடும். பொருத்திப் பார்ப்பதால் விளங்குவன உளவேல் பொருத்துவதில் தவறில்லை என்பது நம் கருத்து.

பட்டியலில் உள்ளவற்றுள் மெய்யானது நியூயார்க் டைம்ஸ் எழுதியதே. ராபர்ட் கோடார்ட் பெருவானுயரங்களை எட்டும் முறை பற்றி எழுதிய அறிக்கையை ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது. அச்செய்தி பரவியதும், 1920 ஜனவரி 13ஆம் நாள் இதழின் தலையங்கப் பக்கம் அவரை எள்ளியது. உந்தித் தள்ளுவதற்குக் காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எவ்வாறு செல்லும், உயர்நிலைப்பள்ளியில் கற்பிக்கப்படும் அறிவுகூட இப்பேராசிரியருக்கு இல்லையே என்பது அதன் சாரம். இது தான் பிறரை எள்ளும் நகை. ஆயின் அது நின்ற களமோ பேதைமை. ராக்கெட் வெளிக்காற்றை உதைத்து நகர்வதன்று. தான் வெளியேற்றும் வளிமத்தின் எதிர்விசையால் நகர்வது. நியூட்டனின் மூன்றாம் விதி 1687இலேயே அச்சேறியது. வெற்றிடத்தில் நிகழ்த்திய சோதனைகளையும் கோடார்ட் தம் அறிக்கையில் விளக்கியிருந்தார். எனவே அத்தலையங்கத்தின் குற்றம் ஐயுற்றதன்று. ஐயத்தைத் தீர்க்கும் ஏடு எட்டும் தொலைவில் இருந்தும் அதனைப் பயன்கொள்ளாமையே. கோடார்டின் திரவ எரிபொருள் ராக்கெட் 1926 மார்ச் 16ஆம் நாள் மேலெழுந்தது. அவர் 1945இல் மறைந்தார். அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17இல், அந்நாளிதழ் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டது. நியூட்டன் கூறியது உறுதிப்பட்டுவிட்டது, பிழைக்கு வருந்துகிறோம் என்னும் பொருள்பட, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் எழுதப்பட்ட குறிப்பு அது. 49 ஆண்டு தாழ்ந்து வந்ததாயினும், எள்ளப்படும் நிலையில் நின்று தன்னைத் தானே நகும் நகை அதில் உண்டு. பட்டறைப் படவில்லைகள் முதற்பகுதியைக் காட்டுகின்றன. இத்திருத்தத்தின் நயத்தை யாரும் காட்டுவதில்லை.

இதற்கு மறுதலையாக, நகைத்ததாலேயே தீர்க்கதரிசி என்று போற்றப்படுவோரும் உளர். பஞ்ச் இதழில் 1878 டிசம்பரில் ஜார்ஜ் டு மோரியர் வரைந்த படம் இவ்வகையில் பெயர் பெற்றது. எடிசன் நாளொரு புதுமை படைப்பதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்த காலம் அது. இலண்டன் வீட்டில் கணப்படுப்பின் மேலே அகன்ற திரை. அதில் இலங்கையில் பூப்பந்தாட்டம் போன்றதொரு பந்தாட்டம் ஆடும் இளையோர். திரையிலுள்ள மகளுடன் தந்தை குழாய்வழியே பேசுகிறார். இன்றைய காணொலி அழைப்பை முன்னறிந்த படம் என்று இதனைப் பாராட்டுகின்றனர். பாராட்டு தவறன்று, ஆயினும் அது படத்தைக் குறைத்து மதிப்பதாகும். டு மோரியர் வரைந்தது எதிர்காலத்தையன்று. அன்றைய செய்தித்தாள் வாசகரின் ஆசையை. அவ்வாசை யாருக்கு உரியதாகக் காட்டப்படுகிறது என்பதே நமக்குப் படும் செய்தி. அதே ஆண்டில் அதே இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும், நம் நாட்டின் புரோவின்ஸ் வெல்லெஸ்லிக் கரும்புத் தோட்டங்களிலும், ஊரையும் உறவையும் பிரிந்து வந்த தமிழர் உழைத்துக்கொண்டிருந்தனர். தொலைவின் துயர் அவர்களுக்கும் இருந்தது. கணப்படுப்பின் மேல் அவர்களுக்கு ஒரு திரையைக் கற்பனை செய்து பார்க்க அந்நகைச்சுவைக்குத் தோன்றவில்லை.

நாம் பெரிதும் மதிக்கும் ஐயவாதி எட்கர் ஆலன் போ. அவர் மதிக்கத்தக்கவராவது அவர் சொன்னது முழுவதும் சரியாயிருந்ததால் அன்று. வொல்ப்காங் வொன் கெம்பலன் என்பார் 1770இல் வியன்னா அரசவையில் சதுரங்கம் ஆடும் பொறியொன்றைக் காட்டினார். துருக்கியர் உடையணிந்த பொம்மை, அதன் முன்னே ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சதுரங்கப் பலகை. ஆட்டத்திற்கு முன்னர்ப் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே பற்சக்கரங்கள் மட்டுமே உள்ளன என்று காட்டுவர். 1809இல் நெப்போலியனும் அதனோடு ஆடினார். கெம்பலனுக்குப் பின்னர் மேல்சல் என்பாரிடம் சென்ற அப்பொறி 1826இல் அமெரிக்காவை அடைந்தது. அதனை நேரில் கண்ட போ, 1836 ஏப்ரலில் சதர்ன் லிட்டரரி மெசஞ்சர் இதழில், பெட்டிக்குள் ஆள் இருக்கிறார் என்று எழுதினார்.

அக்கட்டுரையில் நாம் கற்கத்தக்கது அதன் நோக்கும் முறை. கதவுகள் எப்போதும் ஒரே வரிசையில் திறக்கப்படுகின்றன. நகர்த்தல்களுக்கு இடையே கழியும் நேரம் பொறிக்குரிய சீருடன் இல்லை. பொம்மை இடக்கையால் ஆடுகிறது. மேல்சலுடன் பயணம் செய்யும் ஷ்லம்பெர்கர் என்பவர் ஆட்டம் நிகழும்போது கண்ணில் படுவதே இல்லை. அவர் நோயுற்றபோது ஆட்டமும் நின்றது. இவ்வாறு எண்ணிட்டு அடுக்குகிறார் போ. டேவிட் புரூஸ்டர் முன்னரே எழுதியவற்றுக்கும் அவர் கடன்பட்டவர். முடிவு சரி, உள்ளே ஆள் இருந்தது உண்மையே. ஆயின் காரணங்கள் பல தவறு. உள்ளிருப்பவர் பொம்மையின் மார்பிலுள்ள வலைத்துணி வழியே பலகையைக் காண்கிறார் என்றார் அவர். உண்மையில் காய்களிலிருந்த காந்தத்தைக் கொண்டு பலகையின் அடியிலிருந்தே ஆட்டம் அறியப்பட்டது. பொறி ஒருபோதும் தோற்காது, இது தோற்கிறது, ஆகவே இது பொறியன்று என்றார். அதுவும் வலுவற்ற வாதம். சதுரங்கம் பொறிக்கு ஒவ்வாதது என்னும் அவர் கோட்பாட்டை, 1997 மே மாதத்தில் டீப் புளூ கணினி காஸ்பரோவை வென்று தகர்த்தது.

பட்டியல் தொகுப்போர் விரும்பினால் போவையும் அதில் சேர்க்கலாம். சதுரங்கம் ஆடும் பொறி இயலாது என்றார், இயன்றுவிட்டது, சிரியுங்கள். ஆனால் அவர் முன்னே இருந்தது டீப் புளூ அன்று, மேல்சலின் பெட்டி. அந்தப் பெட்டியைப் பற்றி அவர் ஐயுற்றது சரி. பொதுவாகத் தொழில்நுட்பம் எங்கே செல்லும் என்பது வேறு வினா. இன்று என்முன் வைக்கப்பட்டுள்ள இப்பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பது வேறு வினா. முன்னதில் தவறியவரைக் காட்டிப் பின்னதைக் கேட்பவரின் வாயை அடைப்பதே அப்படவில்லையின் தந்திரம். 2005இல் அமேசான் நிறுவனம், கணினியால் இயலாத சிறுபணிகளை மனிதர்க்குப் பகிர்ந்தளிக்கும் சேவையொன்றைத் தொடங்கியபோது, அதற்கு மெக்கானிக்கல் டர்க் என்றே பெயரிட்டது. பெட்டிக்குள் ஆள் உண்டு என்பதை விற்பவரே நகைச்சுவையாக ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது.

போவைப் பற்றி இன்னொன்றும் கூறியாக வேண்டும். இத்துணை கூர்மையாக ஐயுற்றவர், 1844 ஏப்ரல் 13இல் நியூயார்க் சன் இதழில், பலூன் ஒன்று 75 மணி நேரத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது என்று ஒரு பொய்ச்செய்தியைத் தாமே எழுதினார். பலூனின் அளவுகள், பயணம் செய்தோர் பெயர்கள், நாட்குறிப்பு என அனைத்தும் அதில் இருந்தன. மனிதரை ஏற்றிய பலூன் அப்பெருங்கடலைக் கடந்தது 1978இல்தான். எத்தகைய விவரங்களைக் கண்டால் வாசகர் ஐயுறாமல் நின்றுவிடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். மேல்சலின் அரங்கில் அவர் கற்ற பாடமும் அதுவாயிருக்கலாம்.

பட்டறைக்கு மீள்வோம். அவ்வாசிரியை கருவியை எள்ளவில்லை. அது இயங்காது என்றும் கூறவில்லை. தோட்டப்புறப் பள்ளி மாணவன் ஒருவன் தன் பேச்சுவழக்குக் கலந்து எழுதும் கட்டுரைக்கு, யாருடைய மதிப்பீட்டைக் கற்ற கருவி புள்ளியிடப்போகிறது என்பதையே அவர் அறிய விரும்பினார். கதவுகளை அவர் விரும்பும் வரிசையில் திறந்து காட்டும்படி கேட்டார், அவ்வளவே. அன்று சிரித்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதால், அக்கருவியைப் பற்றிக் கருத்துரைக்குமாறு ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய படிவத்தை நாம் இருமுறை படித்தோம். ஐந்து வினாக்களும் அதன் பயன்களைப் பற்றியே இருந்தன. படிவத்தின் பின்புறத்தில் அவ்வாசிரியையின் இரு வினாக்களையும் அவர் கேட்ட சொற்களிலேயே எழுதி, விடை வேண்டி அனுப்பியுள்ளோம்.