வரிசையை நடத்தும் கை

புனேயின் சி-டாக் நிறுவனம் 1991இல் வெளியிட்ட பரம் 8000 மீக்கணினி என்றால் எல்லோரும் அதன் வேகத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. இயங்குதளத்தின் உறுப்புகளில் எது உயிர்நாடி என்பதை அந்தக் கணினி காட்டிவிடுகிறது. அடுத்து எந்த வேலை ஓட வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அந்த உயிர்நாடி. வழக்கமாக அது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பொறுப்பு. பரமில் இருந்த ஒவ்வொரு டிரான்ஸ்ப்யூட்டர் சில்லும் அதைத் தானே செய்துகொண்டது. தகவலுக்காக நிற்கும் வேலை, ஓடத் தயாரான வேலைகளின் வரிசையிலிருந்து விலகும். தகவல் வந்ததும் வரிசையின் கடைசியில் சேரும். சாதாரண வேலைகளுக்குள் நேரத்தைப் பங்கிடும்போதோ, சில்லு கண்ட இடத்தில் வெட்டாது. நிரல் ஒரு தாவல் கட்டளைக்கோ சுழற்சியின் முடிவுக்கோ வரும்வரை பொறுக்கும். அந்த இடத்தில் பத்திரப்படுத்த வேண்டிய இடைக்கணக்கு எதுவும் கையில் இராது. அதனால் வேலை மாற்றும் செலவு மிகக் குறைவு. என்ன சிக்கனம்!

அப்படியானால் நினைவக மேலாண்மை, கோப்பு முறைமை எல்லாம் இரண்டாம்பட்சமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தச் சில்லில் நினைவகக் காவல் கிடையாது. தவறிப்போன நிரல் பக்கத்து நிரலின் இடத்தில் எழுதினால் தடுக்க ஆளில்லை. பலர் பகிரும் கணினிக்கு அது பெரிய குறை. ஆனாலும் ஒவ்வொரு சில்லுக்கும் தனி நினைவகம் இருந்ததால், காவல் இல்லாமலும் கணக்குகள் ஓடின. வரிசையை நடத்த ஆளில்லாவிட்டால், தகவலுக்குக் காத்திருக்கும் முதல் வேலையிலேயே சில்லு முழுவதும் சும்மா நின்றிருக்கும்.