குறவர் என்னும் பெயரும் இழிவெண்ணத்தின் நிலைபேறும்

ஓர் இனத்தாரைப் பற்றிய இழிவெண்ணம் அறியாமையிற் பிறப்பது. கல்வி பரவின் அது தானே மறையும் என்பது பலரும் கூறும் கருத்தாகும். இக்கருத்து முழுதும் பொருந்துவதன்று. கல்லாதார் நாவளவில் நிற்கும் இழிசொல் அவரோடு மறைந்துபடவும் கூடும். கற்றார் அதனை நூலில் எழுதி வைப்பாராயின், அது சான்று என்னும் தகுதியைப் பெற்றுத் தலைமுறைதோறும் வாழ்கின்றது. ஆகலின், இழிவெண்ணம் ஏன் நிலைபெறுகின்றது என்னும் வினாவிற்குரிய விடையின் ஒரு கூறு, புலமையுலகம் நாள்தோறும் எடுத்தாளும் நூல்களிலேயே உள்ளது. குறவர் என்னும் பெயர் நூல்களின் வழியே அடைந்த மாற்றங்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஓர் இனத்தார் அனைவரையும் ஒரே தன்மையராகக் கருதும் எண்ணத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டீரியோடைப்' என்பர். அஃது அச்சுத்தொழிலிலிருந்து வந்த சொல். கோத்த எழுத்துப் பக்கத்திற்கு அச்சுப் படிவம் எடுத்து, உருக்கிய உலோகத்தை அதில் வார்த்து ஒரே தகடாக்கிவிட்டால், பிறகு எத்தனை படிகளும் எடுக்கலாம். ஆனால் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. வால்ட்டர் லிப்மன் 1922 ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுமக்கள் கருத்துப் பற்றிய நூலில் இச்சொல்லை மனித எண்ணத்திற்கு ஏற்றி வழங்கினார். 'வார்ப்பெண்ணம்' என நாம் அதனைத் தமிழில் கூறலாம். இவ்வுவமை மிகவும் பொருத்தமுடையது. வார்ப்பெண்ணம் நிலைபெறுவதற்குக் காரணம் அதன் உண்மையன்று; மீண்டும் மீண்டும் படியெடுக்க அது எளிதாக இருப்பதேயாம்.

சங்கச் செய்யுட்களிற் குறவர் குறிஞ்சி நிலத்து மக்கள். தினை விளைத்தலும் கிழங்கு அகழ்தலும் தேன் எடுத்தலும் அவர்தம் தொழில்கள். கபிலர் பாடிய ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில் 'குன்றக் குறவன் பத்து' என ஒரு பத்தே அமைந்துள்ளது. பாடப்படுவோராக மட்டுமன்றிப் பாடுவோராகவும் அப்பெயருடையார் விளங்கினர். புறநானூற்றின் 157 ஆம் பாடலில் ஏறைக்கோனைப் பாடியவர் குறமகள் இளவெயினி. நற்றிணையின் 357 ஆம் பாடலைப் பாடியவர் குறமகள் குறியெயினி. தொகை நூல்களைத் தொகுத்தோர் அவ்வடையை மறைக்கவுமில்லை. அதனை ஒரு குறையாகக் கருதவுமில்லை.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. வேங்கை மரத்தின் நிழலில் ஒரு முலை இழந்து நின்றாள் ஒருத்தி கணவனோடு வானுலகு புக்க செய்தியை இளங்கோவடிகட்கு முதலில் வந்து உரைத்தவர் குன்றக் குறவர் என்று பதிகம் கூறுகின்றது. காட்சிக் காதையில் செங்குட்டுவற்கு அதனை உரைத்தவரும் மலைவாழ் மக்களே. அவர் சொல்லை அரசனும் ஐயுறவில்லை, துறவியும் ஐயுறவில்லை. அதன் முன்வரலாற்றைச் சாத்தனார் விளக்கினார். ஆகவே, அக்காப்பியத்தின் முதற் கண்கண்ட சான்று குறவர் வாய்ச்சொல்லேயாகும். இதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இடைக்காலத்தில் இப்பெயரின் பொருட்பரப்புக் குறுகத் தொடங்கியது. குறுந்தொகையின் 23 ஆம் பாடலிற் குறி கூறுபவள் அகவன்மகள் எனப்படுகிறாள்; குறத்தி எனப்படவில்லை. பின்னர்க் குறி கூறலும் குறத்தியும் பிரியாதனவாயின. கலம்பகத்தில் குறம் ஓர் உறுப்பாயிற்று. குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடினார். குறவஞ்சி தனி நூல்வகையாக வளர்ந்தது. பல தொழில்களையுடைய ஒரு மக்கட்கூட்டம் நூலுலகில் ஒரே தொழிலுடையதாயிற்று.

இலக்கணத்திலும் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு மாற்றத்தைக் காணலாம். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பவற்றைக் கூறினார். மக்களை அவ்வரிசையிற் பெயர் சுட்டி வைக்கவில்லை. நம்பியகப்பொருள் கூறும் 14 கருப்பொருள்களிலோ உயர்ந்தோரும் அல்லோரும் புள், விலங்கு முதலியவற்றோடு ஒரே வரிசையில் இடம்பெறுகின்றனர். 'பிறவும்' என்று தொல்காப்பியர் இடம் விட்டதனால் இதற்கு வழி உண்டு எனலாம். நாற்கவிராச நம்பியை நாம் குறைகூறவுமில்லை. செய்யுள் மரபினை வகுத்துக் காட்டுவதே அவர் நோக்கம். எனினும், மரபினைக் கூறும் வரிசை ஒன்றை உலகியலைக் கூறும் பட்டியலாகப் பயில்வோர் கொள்வாராயின், ஆங்கே வார்ப்பெண்ணத்திற்கு வாயில் திறக்கின்றது.

ஆயினும், நூலுலகில் தொழில் ஒன்றாகக் குறுகியதனால் மாந்தர் இழிந்துவிடவில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியில் வரும் குறத்திக்குச் சிங்கி என்னும் பெயர் உண்டு, ஊர் உண்டு, மலைவளம் கூறும் பெருமிதம் உண்டு. சிங்கன் அவளைத் தேடிக் கண்டு, அவள் பூண்ட அணிகள் யாவை என ஒவ்வொன்றாக வினவுகின்றான். சேலத்து நாட்டிற் குறி கூறிப் பெற்ற சிலம்பு முதலாகத் தான் பெற்ற பரிசுகளை அவள் எடுத்துரைக்கின்றாள். ஊர்தோறும் செல்லும் ஒரு பெண்ணிடம் விலையுயர்ந்த அணி உண்டு. அஃது எங்ஙனம் வந்தது என்பது வினா. உழைத்துப் பெற்றது என்பது விடை. கவிஞர் அவ்விடையை ஏற்றுக்கொள்கின்றார், நகையாடினும் ஐயுறுகின்றிலர்.

அதே வினாவைப் பிற்காலத்துக் காவலர் கேட்டபொழுது அவ்விடை செல்லவில்லை. ஆங்கில ஆட்சி 1871 ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரையினர் சட்டத்தை வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைப்படுத்தியது; 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என்று அரசு அறிவித்துவிட்டால், அதில் தோன்றியவர் தம் பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். குறித்த நேரத்தில் முன்னிலையாதல் வேண்டும். சீட்டின்றி வேறிடம் செல்லலாகாது. அவ்வறிவிப்புச் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் வினவலாகாது என்பதும் சட்டத்தின் விதி. குறவருட் பல பிரிவினர் இதற்கு உட்பட்டனர். தச்சன் மகன் தச்சனாதல் போலத் திருடன் மகன் திருடனாவான் என்பதே இச்சட்டத்தை ஆதரித்தோர் கூறிய வாதத்தின் சாரம். காப்பியத்தின் முதற்சான்றாக நின்ற மக்கள் தம்மைப் பற்றித் தாமே சான்று கூறும் உரிமையையும் இழந்தனர்.

இதற்கு நூல்கள் செய்த துணை பெரிது. சென்னைக் காவல்துறை அலுவலர் முல்லாலி 1892 இல் மாகாணத்துக் குற்ற வகுப்பினர் பற்றிய குறிப்புகளை நூலாக்கினார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்து மக்களின் மூக்கும் மண்டையும் அளந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909 இல் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் என்னும் பெருநூலை 7 தொகுதிகளாக வெளியிட்டார். குறவர் பற்றி அதிற் காணும் பகுதி காவல்துறையினர் எழுதியவற்றைப் பெரிதும் தழுவியது. காவலர் காண்பது குற்றம் சாட்டப்பட்டோரை. அவர் எழுதுவது அவர்தம் செயலை. அதனைத் தர்ஸ்டன் எடுத்தாண்டபொழுது, சிலர் செய்தது ஓர் இனத்தின் இயல்பு என்றாயிற்று. 1928 இல் ஹாட்ச் என்னும் சமயத்தொண்டர் குறவரைப் பற்றி எழுதிய நூலுக்கு இந்தியாவின் நிலக்கொள்ளையர் என்று பொருள்படப் பெயரிட்டார். காவலர் ஏடு கலைக்களஞ்சியமாயிற்று. கலைக்களஞ்சியம் காவலர்க்கே மீண்டும் சான்றாயிற்று.

இந்நூல்களின் சொல்லமைப்பு நாம் கருதத்தக்கது. 'குறவர் சிலர் இன்ன ஆண்டில் இன்னது செய்தனர்' என்பது வரலாற்று வாக்கியம். அதனை மெய்யா பொய்யா என ஆராயலாம். 'குறவன் இன்னது செய்வான்' என்பது வேறு. ஆங்கு ஒருமை இனம் முழுவதையும் குறிக்கின்றது. காலம் முக்காலத்தையும் தழுவுகின்றது. கூறியவர் யாவர் என்பது தோன்றுவதில்லை. மாறுபட்ட ஒருவரைக் காட்டினும் அவ்வாக்கியம் வீழாது. அவர் விதிவிலக்கு என ஒதுக்கப்படுவார். மறுக்க முடியாத வாக்கியம் மெய்யானது என்று மயங்குதல் எளிது. வார்ப்பெண்ணம் நிலைபெறுதற்கு இச்சொல்லமைப்பு முதற்காரணம்.

காரணத்தை மறைக்கும் அதன் பயன் இரண்டாவதாகும். குறவருள் ஒரு சாரார் பொதிமாடுகளில் கடற்கரை உப்பை உள்நாட்டிற்கு ஏற்றிச் சென்று, தானியம் கொண்டு மீளும் வணிகர். உப்பின்மேல் அரசு கொண்ட தனியுரிமையும் இருப்புப்பாதையும் அவ்வணிகத்தைச் சிதைத்தன. 1882 ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம், மேய்ச்சலும் மூங்கிலும் பெற்ற காட்டின்மேல் அவர்க்கிருந்த வழக்குரிமையைக் குறுக்கியது. இவ்வரலாற்றை மீனா ராதாகிருஷ்ணா 2001 இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காணலாம். பிழைப்பு அழிந்தமையால் வந்த அலைவினைக் குருதியால் வந்தது என்று கூறிவிட்டால், பிழைப்பினை அழித்தவர் வினாவிற்கு உட்படார். பயனுடைய பொய் எளிதில் சாவதில்லை.

மூன்றாவது காரணம், எண்ணத்தின் அடிப்படை தகர்ந்த பின்னும் சொல் எஞ்சி நிற்றலாகும். ரிஸ்லி மூக்களவினைச் சாதிப் படிநிலையோடு இணைத்து விதி கூறினார். மண்டை வடிவம் இனத்தின் மாறா அடையாளம் என்பதைப் பிரான்சு போவாஸ் அமெரிக்கக் குடியேறிகளின் மக்களை அளந்து 1912 அளவில் மறுத்தார். யுனெஸ்கோ 1950 இல் இனம் பற்றி வெளியிட்ட அறிக்கை, அறிவிலும் ஒழுக்கத்திலும் பிறப்பால் இன வேறுபாடு உண்டு என்பதற்குச் சான்றில்லை என்றது. சென்னை மாகாணத்தில் 1947 இலும் நாடு முழுவதும் 1952 இலும் குற்றப் பரம்பரையினர் சட்டம் நீக்கப்பட்டது. அளவுகோல் ஒழிந்தது, சட்டம் ஒழிந்தது, சொல்லோ வசையாக இன்றும் வழங்குகின்றது.

இதன் பின்விளைவுகள் இரண்டினைச் சுட்டுவோம். நரிக்குறவர் எனப்படுவோர் தம்மை வாக்ரி என்பர். அவர் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி. குறவர் மொழி திராவிட மொழி. மொழியாலும் வரலாற்றாலும் வேறான இரு மக்களைப் பிறர் இட்ட ஒரு பெயர் ஒன்றாக்கிவிட்டது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது, மயக்கமோ தீரவில்லை. குறிஞ்சித்திணை பயிற்றுமிடத்து, ஊசியும் பாசியும் விற்போரைக் காட்டிச் சங்கக் குறவரை விளக்குதல் இன்றும் உண்டு. மற்றொன்று, ஊர்த்திருவிழாக்களில் நிகழ்ந்த குறவன் குறத்தி ஆட்டம். சிங்கியின் பெயரும் பெருமிதமும் சொல்வன்மையும் நீங்க, உடலசைவும் இரட்டுறு பேச்சுமே அதில் எஞ்சின. அம்மக்களின் நெடிய முறையீட்டின் பின்னர் 2023 இல் தமிழ்நாட்டரசு அதனைத் தடைசெய்து ஆணையிட்டது.

இலக்கியம் குறவரைப் போற்றியே உள்ளது. வள்ளியைப் பெற்ற குலம் என்று புகழ்ந்துள்ளது. இதில் இழிவு யாது என்று ஒரு சாரார் வினவலாம். புகழும் வார்ப்பாகலாம் என்பதே விடை. சூதறியா மலைமகள், கவலையற்ற காதலன் என்று ஓர் இனத்தை ஓவியமாக்கிச் சுவைப்போர், நகரத்தில் வாழ்ந்து கூலி கேட்கும் குறவரைக் காணும்பொழுது ஓவியத்தோடு ஒவ்வாமை கண்டு வெறுப்பர். வசை, புகழ் இரண்டும் தனி மனிதனைக் காண மறுக்கின்றன. ஆகவே, வசையை நீக்கிப் புகழை இடுதல் மருந்தாகாது.

உரையாசிரியரும் அகராதி தொகுப்போரும் பாடநூல் எழுதுவோரும் மேற்கொள்ள வேண்டுவன சில உண்டு. இனப்பெயர் வருமிடத்து, எந்நூலில், எக்காலத்தில், யார் கூற்றாக அது வருகின்றது என்பதைக் குறிப்புரையில் எழுதுதல் வேண்டும். செய்யுள் மரபினை இன்றைய மக்களின் இயல்பாக நிகழ்காலத்தில் உரைத்தல் கூடாது. தர்ஸ்டன் நூலை மேற்கோள் காட்டுவோர், அச்செய்தி காவலர் வாயிலாக வந்ததாயின் அதனையும் உடன் கூறுதல் வேண்டும். குறமகள் இளவெயினியைப் பயிற்றுவோர் அவ்வடையை விழுங்கிவிடலாகாது.

இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆட்டத்தை அரசாணை நிறுத்தும். சட்டத்தைச் சட்டமன்றம் நீக்கும். குறிப்புரையை நீக்கும் அதிகாரம் அதனை எழுதுவோரிடமே உள்ளது. முன்னோர் வார்த்த தகட்டினைப் பிழை நோக்காது படியெடுப்போர், அதன் பொய்யிற்கும் பொறுப்பாவர். குன்றக் குறவர் கூறியதைக் கேட்டு எழுதியமையால் தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது. அவர்களைப் பற்றி எழுதப்புகும் ஆய்வாளர், அவர்கள் கூறுவதை முதலிற் கேட்டல் வேண்டும் என்பது அக்காப்பியம் நமக்குக் காட்டும் நெறியாம்.