ஆட்டோகாக்கர்: திருகத் தெரிந்தவர்களுக்கான மார்க்கர்

பெயின்ட்பால் மார்க்கரில் (சாயக் குண்டு சுடும் துப்பாக்கியில்) காற்றழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று ஆட்டக்காரர்களில் பலர் நம்புகிறார்கள். கலிபோர்னியாவின் பட் ஓர் வடிவமைத்து, 1990களில் அமெரிக்கப் போட்டி மைதானங்களில் கொடிகட்டிப் பறந்த ஆட்டோகாக்கரைக் கழற்றி மாட்டிப் பழகியதில், அந்த நம்பிக்கை எனக்கு விட்டுப்போயிற்று. கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறை சுடும்போதும் குண்டு ஒரே வேகத்தில் போகிறதா என்பதைத்தான்.

ஆட்டோகாக்கரில் பேட்டரியும் இல்லை, சர்க்யூட் போர்டும் இல்லை. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பலத்தில் ஹேமர் பாய்ந்து வால்வைத் தட்டித் திறக்கும். காற்று பீறிட்டுக் குண்டைத் தள்ளும். விசையை மேலும் இழுத்தால் முன்புறமுள்ள மூவழி வால்வு இடம் மாறி, ஒரு சிறு பிஸ்டன் பின் பிளாக்கைத் தள்ளி ஹேமரை மறுபடி பூட்டும். ஒரே இழுப்பில் இரண்டு வேலை.

அந்த ஒரே வேகத்தைப் பெற முதலில் சரிசெய்ய வேண்டியது அழுத்தம். ரெகுலேட்டரைத் தாழ்வாக வைத்து, கால் சுற்றுக் கால் சுற்றாக ஏற்றிக்கொண்டே குரோனோகிராஃபில் வேகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் ஓரிரு முறை சும்மா சுட்டு அழுத்தம் நிலைப்பட விட வேண்டும். வேகம் ஏறும், ஓரிடத்தில் தயங்கும், பிறகு இறங்கத் தொடங்கும்! காற்றை அதிகரித்தால் வேகம் குறைவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் வால்வை மூடி வைத்திருப்பதே அந்தக் காற்றுதான். எதிர்க்காற்றில் கதவைத் தள்ளுவதுபோல ஹேமர் திணறுகிறது. வால்வு கொஞ்சமாகத் திறந்து சீக்கிரமே மூடிக்கொள்கிறது.

அந்த உச்சிக்குச் சற்றுக் கீழேதான் சரியான இடம். அங்கே ரெகுலேட்டர் சில பிஎஸ்ஐ முன்பின்னாகத் தந்தாலும் வேகம் அதிகம் அசையாது. அதற்கும் வெகுவாகக் கீழே இறக்கினால், ரெகுலேட்டரின் ஒவ்வொரு தடுமாற்றமும் குண்டில் தெரியும். உச்சியிலேயே வேகம் மைதான வரம்பைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைக்காதீர்கள். காக்கிங் ராடைக் கழற்றி, ஹேமர் ஸ்பிரிங் திருகை ஆலன் சாவியால் தளர்த்திவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். நொடிக்கு 300 அடி என்பது பொதுவான மேல்வரம்பு. பல மைதானங்கள் 280ஐ ஒட்டியே நிறுத்திவிடுகின்றன. இதில் விளையாட்டே கூடாது. ஏறக்குறைய 3 கிராம் குண்டு அந்த வேகத்தில் கண்ணில் பட்டால் பார்வை போய்விடக்கூடும். சோதிக்கும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

அடுத்தது டைமிங். ஹேமர் விடுபட்ட பிறகே மூவழி வால்வு மாற வேண்டும். இரண்டும் நெருங்கினால் பின் பிளாக் முன்கூட்டியே திறந்து, காற்று குண்டு நிரப்பும் குழாய் வழியே மேலே அடிக்கும். விசையை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள்: முதலில் சுடும் ஓசை, சின்ன இடைவெளி, பிறகுதான் பிளாக் நகர வேண்டும். இந்த இடைவெளியை மாற்றுபவை ஹேமரின் அடியில் உள்ள லக்கும், விசையை மூவழி வால்வோடு இணைக்கும் டைமிங் ராடும். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகாதீர்கள்; எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகும். பிஸ்டனுக்குக் காற்று தரும் குறைந்த அழுத்த ரெகுலேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்: ஹேமரைத் தவறாமல் பூட்டும் அளவுக்கு மேல் துளி வேண்டாம். அதிகமானால், பின் பிளாக்கோடு சேர்ந்து நகரும் போல்ட் குண்டை நறுக்கிவிடும்.

எலக்ட்ரானிக் மார்க்கர்களில் வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ட்வெல் என்ற மில்லிவிநாடிக் கணக்கு தீர்மானிக்கிறது. வேகம் சரியும்வரை அதைக் குறைத்து, பின் ஓரிரு மில்லிவிநாடி கூட்டினால் முடிந்தது.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோடு ஆட்டோகாக்கரை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயில் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறி, செய்த அமைப்பைக் கலைத்துவிடும். உயரழுத்தக் காற்று டேங்க்தான் சரி. வாங்கியவுடன் விளையாடப் போக வேண்டும் என்பவர்கள் பிளானட் எக்லிப்ஸின் எமெக்கை எடுக்கலாம். அதில் டைமிங் என்ற வேலையே இல்லை. குரோனோகிராஃபும் ஒரு முழு மாலைப் பொழுதும் ஒதுக்க முடிந்தவர்கள் ஆட்டோகாக்கரைத் தயங்காமல் வாங்குங்கள்.