நூற்றொரு கோடி அண்டங்களும் புதுச்சேரிச் சோழிகளும்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர்களில் தவறாமல் இடம்பெறும் கட்டுரை ஒன்று உண்டு. தலைப்பு மாறும், எழுதுபவர் மாறுவார், சரக்கு மட்டும் மாறாது. பேரண்டம் தோன்றிய விதத்தைப் பரிபாடல் அன்றே சொல்லிவிட்டது. வானவெளியில் காற்று இல்லை என்பதைப் புறநானூறு அறிந்திருந்தது. அண்டங்களின் எண்ணிக்கையையே மாணிக்கவாசகர் கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரன் நேற்றுத்தான் கண்டுபிடித்தான். இவ்வளவுதான் அதன் சாரம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து நாற்பது ஆண்டாயிற்று. சந்தேபேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்துகொண்டே சேர்த்து வைத்த மலர்களில் இந்த வகைக் கட்டுரை பதினைந்துக்குக் குறையாது. எழுதியவர்கள் தமிழ்ப்பற்றில் என்னைவிடக் குறைந்தவர்கள் அல்லர். இருந்தாலும் அந்த வாசிப்பு தவறு என்பது என் துணிபு. அதனால் பாட்டும் கெடுகிறது, உண்மையாகவே வானத்தைக் கணித்த நம் ஆட்களும் மறைந்து போகிறார்கள்.

மாணிக்கவாசகரிலிருந்து தொடங்குவோம். திருவாசகத்தில் மூன்றாவதாக உள்ள அகவல் திருவண்டப்பகுதி. அண்டங்களாகிய உருண்டைகள் நூற்றொரு கோடிக்கு மேலாக விரிந்து கிடக்கின்றன என்று அது சொல்கிறது. உடனே நம் கட்டுரையாளர்கள், "பாருங்க, காலக்ஸி!" என்கிறார்கள். கணக்குப் பார்ப்பது என் தொழில், அதனால் கணக்கையே பார்க்கிறேன். நம் சூரியன் இருக்கும் பால்வழி என்ற நட்சத்திரக் கூட்டத்தில் மட்டும் பத்தாயிரம் கோடி நட்சத்திரத்துக்குக் குறையாது. அதைப் போன்ற கூட்டங்கள் காணக்கூடிய பேரண்டத்தில் பத்தாயிரம் கோடிக்கு மேல் என்பது இன்றைய மதிப்பீடு. நூற்றொரு கோடி எங்கே, பத்தாயிரம் கோடி எங்கே? "மேற்பட்டது என்றுதானே சொன்னார்" என்று வாதாடலாம். அப்படியானால் எந்தப் பெரிய எண்ணும் அதற்குள் அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் கணக்கு எதையும் காட்டாது. அண்டம் என்ற சொல்லும் அந்தக் காலத்தில் நட்சத்திரக் கூட்டத்தைக் குறித்ததில்லை. மண்ணும் வானும் மேலுலகங்களும் சேர்ந்த முழு உலக முட்டை ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர்.

இந்த எண் சண்டையில் நாம் விட்டுவிடுவது அடுத்து வரும் உவமையை. வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசியைப் போல அத்தனை அண்டங்களும் சிறுத்துப் போகும்படி இறைவன் பெரியவனாக இருக்கிறான் என்கிறார். என் கிடங்கில் காலை எட்டு மணிக்குக் கூரை ஓட்டின் இடுக்கு வழியே ஒரு கம்பி வெயில் இறங்கும். மூட்டை பிரிக்கும்போது பறக்கும் தவிட்டுத் தூள் அந்தக் கம்பிக்குள் மட்டும் தெரியும், வெளியே தெரியாது. எண்ணவும் முடியாது. கவி கண்டது அதை. நான் சைவன் அல்லன், எங்கள் சமயத்தில் படைப்புக் கடவுளே கிடையாது. ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போது மனசு ஒரு கணம் நின்றுவிடுகிறது. மூட்டைத் தூசியைப் பார்த்து உலகங்களை நினைத்த ஒருவரை, டெலஸ்கோப் இல்லாத விஞ்ஞானி என்று சொல்லி இறக்குவானேன்?

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஒரு மலரைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, அவர் நிஜமா எண்ணிப் பார்த்தாரா, இல்ல சும்மா சொன்னாரா?" இந்த இரண்டில் ஒன்றைத்தான் அந்தக் கட்டுரை அவளுக்கு விட்டு வைத்திருந்தது. பாட்டு மூன்றாவது ஒன்று என்று சொல்ல அங்கே ஆளில்லை.

புறநானூற்று முப்பதாம் பாட்டின் கதை இன்னும் வேடிக்கை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. சூரியன் செல்லும் வழி, அதன் வேகம், அதைச் சூழ்ந்த வட்டம், காற்று இயங்கும் திசை, வெறுமையில் நிற்கும் ஆகாயம் ஆகியவற்றை நேரில் போய் அளந்து வந்தவர்களைப் போல "இவ்வளவு" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்கிறார். மலர்க் கட்டுரைகள் இத்தோடு நிறுத்திவிடும். பாட்டு நிற்கவில்லை. அவர்களாலும் உன் வலிமையை அறிய முடியாது, யானை எறிவதற்காகத் தன் கன்னத்துக்குள் ஒளித்து வைத்த கல்லைப் போல நீ அதை அடக்கி வைத்திருக்கிறாய் என்று அரசனிடம் போய்ச் சேர்கிறது. வானத்தை அளப்பதாகச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி. அவர்கள் சொன்னது சரியா என்று புலவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த ஆகாயத்துக்குப் பழைய உரைகாரர் கொண்ட பொருளும் ஆதாரம் எதுவும் இல்லாமல் நிற்பது என்பதுதான். அதைக் காற்றில்லாத வெற்றிடம் ஆக்கியது நம் காலத்தவர்.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன், விளங்காத இடங்களுக்குப் பொருள் கேட்கக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்தார். தமக்குத் தோன்றியதை எழுதிவிட்டுப் போயிருக்கலாம், கேட்க யார் இருந்தார்கள்? அந்த நூலோடு வாழ்ந்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று தெரியாமல் ஒரு வரியும் எழுதத் தயங்கினார். 1894இல் புறநானூற்றையும் 1918இல் பரிபாடலையும் நமக்குத் தந்தவர் அவரே. அவர் தந்ததை வைத்துக்கொண்டு அவர் வழியை மட்டும் விட்டுவிட்டோம்.

பரிபாடலுக்கு வருகிறேன். கீரந்தையார் திருமாலைப் பாடிய இரண்டாம் பாடலில் வானம், அதிலிருந்து காற்று, பிறகு தீ, பிறகு நீர், கடைசியில் நிலம் என்று தோற்றம் சொல்லப்படுகிறது. நெய்தல், குவளை, ஆம்பல் என்று பூப்பெயர் கொண்ட பேரெண்களால் ஊழிகளின் நீளமும் சொல்லப்படுகிறது. இதைத்தான் பிக் பேங் என்கிறார்கள். இந்த ஐம்பூத வரிசை தைத்திரீய உபநிடதத்திலும் இதே முறையில் உண்டு. பாரத நாடு முழுவதும் புழங்கிய தத்துவச் சரக்கு அது, தமிழன் தனியாகக் கண்டுபிடித்ததாகச் சொல்ல வழியில்லை.

இன்றைய அண்டவியல் சொல்வது வேறு. பேரண்டத்தின் வயது ஏறக்குறைய 1380 கோடி ஆண்டு. தொடக்கத்தில் எல்லாம் மிகுந்த வெப்பத்தோடும் நெருக்கத்தோடும் இருந்தது, பிறகு விரிந்து ஆறிக்கொண்டே வந்தது. முதல் சில நிமிடங்களில் உருவானவை பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் கருக்களே. தண்ணீருக்கு வேண்டிய ஆக்சிஜன் நெடுங்காலம் கழித்து நட்சத்திரங்களின் வயிற்றில்தான் வெந்து உருவாயிற்று. அதாவது நட்சத்திரம் முந்தி, நீர் பிந்தி. கீரந்தையார் வரிசையை இதில் பொருத்த வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றை உடைத்தாக வேண்டும்.

"பெருவெடிப்பு" என்ற நம் சொல்லும் கொஞ்சம் வழி தவற வைக்கிறது. ஏதோ ஓரிடத்தில் பட்டாசு வெடித்துத் துண்டுகள் சிதறியது போலப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்தக் கொள்கையை ஏற்காத பிரெட் ஹாயில் 1949இல் வானொலிப் பேச்சு ஒன்றில் "பிக் பேங்" என்று சொன்னது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. நாம் அதை மொழிபெயர்த்துக் கொண்டோம். பேக்கரியில் பன் வேகும்போது பாருங்கள். மாவு உப்ப உப்ப, உள்ளே இருக்கும் உலர்திராட்சை ஒவ்வொன்றும் மற்றதை விட்டு விலகும். எந்தத் திராட்சையில் உட்கார்ந்து பார்த்தாலும் மற்றவை விலகுவதாகத்தான் தெரியும், தூரத்தில் உள்ளது அதிக வேகமாக விலகும். நட்சத்திரக் கூட்டங்கள் அப்படி விலகுவதை 1927இல் லெமேத்ர் கணக்கிலும் 1929இல் ஹப்பிள் அளவையிலும் காட்டினார்கள். 1965இல் பென்சியாஸ், வில்சன் இருவரும் ஆன்டெனாவில் ஓயாத ஒரு இரைச்சலைக் கேட்டு, புறாக்கூடு வரை சுத்தம் செய்து பார்த்தும் போகவில்லை. அந்தத் தொடக்க வெப்பத்தின் மிச்சம்தான் அது.

அந்த 1965இல் எங்கள் பக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. சமண நூல்கள்படி உலகுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஹாயில் முன்வைத்த "நிலைத்த நிலை" கொள்கையும் பேரண்டத்துக்குத் தொடக்கமில்லை என்றது. ஆகமமும் அறிவியலும் ஒத்துப்போகின்றன என்று எங்களவர்களிலும் சிலர் மகிழ்ந்து எழுதினார்கள். அந்த இரைச்சல் கேட்ட பிறகு கொள்கை ஆட்டம் கண்டது. அதைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் என்ன செய்வது? போகட்டும், எங்கள் நூல்களில் ஜம்பூத்வீபத்துக்கு இரண்டு சூரியன், இரண்டு சந்திரன் உண்டு. அதை நான் வானியல் என்று எந்த மேடையிலும் சொல்ல மாட்டேன். அதனால் என் அருகதேவனிடம் எனக்குள்ள பக்தி ஒரு மாற்றுக் குறையவும் இல்லை.

சரி, அப்படியானால் வானியலில் நமக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறைய இருக்கிறது. மலர்களில்தான் இல்லை.

சங்கப் பாட்டில் நாள்மீன் வேறு, கோள்மீன் வேறு. இடம் மாறாத கூட்டத்தோடு நகர்வது முதல் வகை, அதற்குள் தனியே அலைவது இரண்டாவது. பல இரவு விழித்துப் பார்த்தவனால்தான் இப்படிப் பிரித்துப் பெயர் வைக்க முடியும். பரிபாடலில் வையையைப் பாடும் பதினோராம் பாட்டு கோள்கள் எந்தெந்த ராசியில் நின்றன என்று சொல்கிறது. எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை அதைக் கணக்கிட்டுக் கி.பி. 634 என்று முடிவு சொன்னார். மறுத்தவர்களும் உண்டு. மறுக்க முடிந்ததே, அதுதான் விசேஷம்! சரிபார்க்கத் தக்க செய்தி அந்தப் பாட்டில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தவர் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர். ஆங்கிலேயப் படையிலிருந்த ஜான் வாரன் நம் மைசூர்ச் சீமைக்கு உறவானவர். எல்லையை அளக்க வந்த இடத்தில், 1802இல், கோலார்ப் பக்கம் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தவர் அவர். பிறகு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலும் இருந்தார். 1825இல் வெளிவந்த "கால சங்கலித" என்ற அவர் நூலில் இந்தப் பஞ்சாங்கக்காரர் வருகிறார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமான சொற்களைக் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு. அவ்வளவுதான்.

அந்தச் சொற்கள்தாம் வாக்கியங்கள். எழுத்துக்கு ஒரு எண் என்று வைத்து, சந்திரன் நிற்கும் இடத்தை ஒரு நாளுக்கு ஒரு சொல்லாக 248 நாளுக்குக் கட்டியவை. ஏன் 248? சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று அந்த நாட்களில் ஒன்பது முறை முடிந்து, ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். 1952இல் ஓட்டோ நியூகபவர் இந்தத் தமிழ்முறையை ஆராய்ந்து, பழைய பாபிலோனியக் கணக்கோடு அதற்குள்ள உறவைக் காட்டினார். கணக்கு கடல் தாண்டியும் வந்திருக்கிறது. அதனால் என்ன? மிளகாய் கூடத்தான் வெளியிலிருந்து வந்தது, நம் குழம்பு நம் குழம்பாகத்தானே இருக்கிறது!

அந்த மனிதருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். நம்ம மலர்களில் அவருக்கு இடமில்லாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பெருமை பேச அவரிடம் ஒரு சுலோகமும் கிடையாது. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்து, 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரிக்கும் இடமில்லை. சுப்பிரமணியன் சந்திரசேகரின் படத்தை மட்டும் போடுகிறோம், 1983 நோபல் என்று கீழே எழுதுகிறோம். அவர் கண்டது என்ன என்று ஒரு வரி? எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி வெண்குறுமீனாகக் கிடக்கும். அப்படிக் கிடப்பதற்கு ஓர் எடை வரம்பு உண்டு, சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, அதற்கு மேல் போனால் தாங்காமல் மேலும் இடிந்து உள்விழும். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில் போட்ட கணக்கு இது. நாலு வாக்கியத்தில் அடங்கிவிட்டது பாருங்கள். நம் ஆலங்காயத்துக்கு அருகே காவலூரில் உள்ள வானாய்வகம், யுரேனஸ் கோளின் வளையங்கள் தெரியவந்த 1977 மார்ச் 10 அன்று அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று. மைசூரிலேயே சாமுண்டி மலையடிவாரத்தில் கோளரங்கத்தோடு கூடிய அண்டவியல் மையத்துக்கு 2022இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே போய் நிற்கும் நம் பிள்ளை தமிழில் எதைத் தெரிந்துகொண்டு போகும்?

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மலரில் இந்த ஊர் வானத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் தெற்கு நோக்கி நின்றால், உச்சிக்குக் கொஞ்சம் கீழே எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று தெரிவது சிரியஸ். அதன் ஒளி நம்மிடம் வர எட்டரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து நேரே கண்ணை இறக்குங்கள். சாமுண்டி மலைக்குச் சற்று வலப்பக்கம், தாழ்வாக, வெண்மையாக ஒன்று நிற்கும். பரிபாடல் பதினோராம் பாட்டில் பொதியில் முனிவன் பெயரால் வரும் அகத்திய மீன் அதுதான், ஆங்கிலத்தில் கனோபஸ். நம்மிடமிருந்து ஏறக்குறைய 310 ஒளியாண்டு. இன்றிரவு நம் கண்ணில் விழும் அந்த வெளிச்சம் புறப்பட்டபோது, ஐதர் அலி இந்த மைசூர் ஆட்சியைக் கையில் எடுத்திருக்கவில்லை.