கோடும் பூஜ்ஜியமும்: மூடிலில் இன்டர்னல் கணக்கு

சென்ற பருவத்தின் கடைசி வாரம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கைப்பேசியோடு என் மேசைக்கு வந்தாள். “மேம், நேத்து வரைக்கும் எண்பத்தேழரைன்னு காட்டுச்சு. இன்னிக்கு முப்பத்தஞ்சுன்னு இருக்கு.”

அவள் சொன்னது உண்மை. அந்தப் பாடத்தில் தலா 20 மதிப்பெண்ணுக்கு ஐந்து அசைன்மென்ட். அவள் கொடுத்தது இரண்டு. வாங்கியது 18, 17. பருவம் முழுவதும், எங்கள் கல்லூரியில் பயன்படுத்தும் மூடில் என்ற கற்றல் மேலாண்மை மென்பொருள் அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு 40-க்கு 35, அதாவது 87.50 விழுக்காடு என்று காட்டி வந்தது. கடைசி வாரம் ஆசிரியர் மீதி மூன்றுக்கும் 0 போட்டார். 100-க்கு 35 ஆயிற்று. இரண்டு கணக்கிலும் பிழை கிடையாது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் அநியாயம் செய்துவிட்டோம் என்றே எனக்குப் பட்டது. விட்டுப்போன மூன்றை எழுதித் தர அவளுக்கு இருந்த நாளெல்லாம் அந்த 87.50-ஐப் பார்த்தபடியே போய்விட்டது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் தொடங்கிய மூடில் 2002-இல் முதல் பதிப்பு கண்டது. உரிமக் கட்டணம் இல்லாத திறமூல மென்பொருள் என்பதால் நம் கல்லூரிகளுக்கு எளிதில் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் பாடக்குறிப்பு ஏற்றி வைக்கும் அலமாரியாகவே பலர் அதைப் பயன்படுத்தினோம். இப்போது இன்டர்னல் மதிப்பெண்ணே அங்கிருந்துதான் பல துறைகளில் எடுக்கப்படுகிறது. அதன் கனமும் கூடியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 20, பருவத் தேர்வு 80. 2021 ஒழுங்குமுறையில் அது 40, 60 ஆகிவிட்டது. ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் ஐந்தில் இரண்டு பங்கு நாம் துறையில் உட்கார்ந்து அமைக்கும் கணக்கைப் பொறுத்தது.

இன்டர்னலை மூடிலில் கணக்கிடும் முறையை நான் மனதார ஆதரிக்கிறேன். எக்செல் தாளில் பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தி, மதிப்பெண் பத்தியை அப்படியே விட்டுவிட்டு, ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்குப் போன கதை எத்தனையோ துறைகளில் உண்டு. மூடிலில் குவிஸ் மதிப்பெண் நேராக அதன் மதிப்பெண் பதிவேட்டுக்குப் போகிறது. விடைக்குறிப்பில் தவறு இருந்தால் திருத்தி, வகுப்பு முழுவதையும் ஒரே சொடுக்கில் மறுமதிப்பீடு செய்யலாம். யார், எப்போது, எந்த மதிப்பெண்ணை மாற்றினார் என்ற வரலாறு நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர் தன் மதிப்பெண்ணைத் தானே பார்க்கிறார். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் நாள் வரை காத்திருந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆசிரியர் முடிவு செய்யாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் தன்னிடம் ஒரு விடையை ஏற்கெனவே வைத்திருக்கிறது. நாம் தொடாவிட்டால் அதுவே விதியாகிவிடும்.

எடை விஷயத்தைப் பாருங்கள். மூடிலில் புதிதாக ஒரு குவிஸ் உருவாக்கினால் அதன் உச்ச மதிப்பெண் 10 என்று வரும். அசைன்மென்ட் உருவாக்கினால் 100. மொத்தம் கூட்டும் முறை ‘நேச்சுரல்’ என்று அமைந்திருக்கும். அதாவது எதற்கு எவ்வளவு உச்ச மதிப்பெண்ணோ, அந்த அளவுக்கு எடை. மூன்று குவிஸும் ஓர் அசைன்மென்டும் வைத்த ஆசிரியர், எதையும் மாற்றாவிட்டால், 130-இல் 100-ஐ அசைன்மென்டுக்கே கொடுத்துவிட்டார். கிட்டத்தட்ட 77 விழுக்காடு. குவிஸுக்குப் பாதி, அசைன்மென்டுக்குப் பாதி என்று அவர் வகுப்பில் சொல்லியிருக்கலாம். உச்ச மதிப்பெண்களையோ எடைகளையோ தன் கையால் மாற்றாதவரை அந்தச் சொல் கணக்கில் ஏறாது.

அந்த மாணவிக்கு நேர்ந்தது இதைவிடச் சிக்கலானது. மதிப்பெண் இல்லாத இடத்தில் மூடில் ஒரு சிறு கோடு போடுகிறது. ‘எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்’ என்ற தெரிவு வழக்கமாக இயங்கு நிலையிலேயே இருக்கும். அப்போது கோடு கணக்கில் சேராது. இதற்குத் தக்க காரணம் உண்டு. இரண்டாம் வாரத்தில், இன்னும் நடக்காத தேர்வுக்கெல்லாம் பூஜ்ஜியம் சேர்த்தால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் 10 விழுக்காடு என்று காட்டும். ஆகவே பருவத்தின் நடுவில் அந்தத் தெரிவு நியாயமானது. கெடு முடிந்த பிறகு அதுவே பொய்யாகிறது. இன்னும் வராத வேலைக்கும், வந்து கொடுக்காமல் விட்ட வேலைக்கும் ஒரே கோடு. கெடு தாண்டினாலும் மூடில் தானாகப் பூஜ்ஜியம் போடுவதில்லை. ஓர் ஆசிரியர்தான் போட வேண்டும். எதையுமே கொடுக்காதவருக்கு மொத்தத்திலும் கோடுதான் நிற்கும். தோல்வி என்று எங்கும் தெரியாது.

‘மூன்றில் சிறந்த இரண்டு’ போன்ற விதிகள் இதோடு சேரும்போது கணக்கு இன்னும் வழுக்கும். நம் மாணவர்கள் பலருக்குத் தெரிந்த, இணையவழிப் படிப்புகள் நடத்தும் என்பிடெல்லின் விதியையே எடுத்துக்கொள்வோம். 12 வாரப் படிப்பில் 12 அசைன்மென்டில் சிறந்த 8-இன் சராசரிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. இதை ஒருவர் மூடிலில் அமைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-இல் 8 வேண்டும், எனவே ‘ட்ராப் த லோயஸ்ட் 4’ என்று போடுகிறார். கோடுகளை விலக்கும் தெரிவு அப்படியே இருக்கிறது. ஒரு மாணவர் எட்டு மட்டும் கொடுத்திருக்கிறார்: 95, 90, 88, 85, 60, 55, 50, 45. சராசரி 71, 25-க்கு 17.75 வர வேண்டும். மூடில் முதலில் நான்கு கோடுகளை விலக்கும். பிறகு மிஞ்சிய எட்டில் கடைசி நான்கையும் கழிக்கும். சராசரி 89.5 ஆகிவிடும்; 25-க்கு 22.375. நான்கு அசைன்மென்டைக் கொடுக்காததற்குப் பரிசு போல நாலரை மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்கிறது. பன்னிரண்டையும் எழுதிய பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை. ‘கீப் த ஹையஸ்ட் 8’ என்று போட்டு, கோடுகளைப் பூஜ்ஜியமாக எண்ணச் சொல்லியிருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும்.

அதே விதியில் சராசரிக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. சான்றிதழ் பெற அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். 25-உம் 29-உம் எடுத்தவர் 54 பெற்றும் சான்றிதழ் வாங்க மாட்டார். 10-உம் 30-உம் எடுத்தவர் 40-க்கே வாங்கிவிடுவார். மூடிலில் ஒவ்வோர் உருப்படிக்கும் தேர்ச்சி மதிப்பெண் வைக்கலாம். ஆனால் மொத்தம் என்ற எண் அதைக் கண்டுகொள்ளாது. மொத்தத்தை மட்டும் இறக்கிப் பட்டியல் போடும் அலுவலகத்துக்கு 54 தேர்ச்சியாகவே தெரியும்.

சொந்தமாகச் சூத்திரம் எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வோர் உருப்படிக்கும் அடையாள எண் கொடுத்து, அதை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டு, சமக்குறியில் தொடங்கிச் சூத்திரம் எழுதினால் பெரும்பாலான துறை விதிகளைக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் சூத்திரம் கோட்டைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன சராசரி முறை அதை விலக்கிவிடும். ஒரே துறையில் ஓர் ஆசிரியர் சூத்திரமும் இன்னொருவர் சராசரியும் பயன்படுத்தினால், ஒரே உழைப்புக்கு இரு பிரிவுகளில் இரு மதிப்பெண் வரும். சூத்திரம் மாணவர் கண்ணில் படுவதும் இல்லை. பதிவேட்டில் நேரடியாகத் திருத்திய மதிப்பெண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. பிறகு குவிஸில் மறுமதிப்பீடு செய்தாலும் பதிவேட்டில் பழைய திருத்தமே நிற்கும். அவசரத்தில் ஒருவருக்கு உதவ எண்ணிப் போட்ட திருத்தம், பின்னால் வரவேண்டிய மதிப்பெண்ணையே தடுத்துவிடும்.

இவற்றைத் தவிர்க்கப் பெரிய பயிற்சிப் பட்டறை தேவையில்லை. விதியை முதலில் தாளில் தமிழிலோ ஆங்கிலத்திலோ முழுதாக எழுதுங்கள். வராதவருக்கு என்ன, பாதி கொடுத்தவருக்கு என்ன, அரை மதிப்பெண்ணை எப்படி முழுமையாக்குவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு மூன்று போலி மாணவர் கணக்குகளைச் சேர்த்து, ஒருவர் எல்லாம் கொடுத்ததாகவும், ஒருவர் பாதி கொடுத்ததாகவும், ஒருவர் ஒன்றுமே கொடுக்காததாகவும் மதிப்பெண் போட்டு, கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. எங்கள் துறையில் இந்தப் பருவம் இன்னொன்றும் சேர்த்தோம்: கெடு முடிந்த மறுநாளே, கொடுக்காதவர்களுக்கு 0 போட்டுவிடுகிறோம், தாமதமாகக் கொடுத்தால் அதைத் திருத்துகிறோம். பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்.

அந்த மாணவிக்குத் துறைக் கூட்டத்தில் பேசி ஒரு வாரம் அவகாசம் வாங்கினோம். மூன்றையும் எழுதிக் கொடுத்தாள். உங்கள் துறையில் அப்படி எத்தனை பேருக்கு இப்போது அந்தக் கோடு நிற்கிறது என்று இன்றே ஒருமுறை பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.